நீறு பூத்தவை

அந்தக் குளிர்காலத்தில் மின்சாரம்
நாளுக்கு ஒரு மணி நேரம் வந்தது.
எந்த மணி என்று சொல்லாது.
அதனால் விளக்கை யாரும் அணைப்பதில்லை.
அறை வெளுத்ததும் எழுந்து ஓடு,
கணினியைத் திற, நேற்றெழுதிய இருபது வரியை ஏற்று,
சேமி. முதலில் சேமி.

அரகாட்ஸ் மலைச்சரிவு, பியுராகான்.
மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அர்ஷாவிர்,
நடுவில் இரும்பு அடுப்பு.
சன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அதன் வழியே புகைக்குழாயை நீட்டியிருந்தோம்.
இருவருக்கும் விரல்நுனி வெட்டிய கையுறை.

வேலை இவ்வளவுதான்.
பத்து வருடம் முன்பு ஒரு செயற்கைக்கோள்
வானத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தது,
நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி.
எங்கே சுடுகிறது என்று அது சொல்லும்.
யாருக்கு என்று சொல்லாது.
ஆளைத் தேடிப் பிடிப்பது எங்கள் பாடு,
அலமாரி அலமாரியாய் அடுக்கிய
பழைய கண்ணாடித் தகடுகளில்.

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு நீள்வட்டம்:
பிழை இதற்குள் இருக்கலாம் என்ற ஒப்புதல்.
உள்ளே மூன்று மங்கல்.
ஒன்று விண்மீன், சிவந்து முதிர்ந்தது. தள்ளு.
ஒன்று தகட்டில் ஒட்டிய அழுக்கு. ஊதினால் போய்விட்டது.
மூன்றாவது, ஓரத்தில்,
யாரோ கண்ணாடிமேல் மூச்சு விட்டதுபோல.

‘இதுவா?’

இதுதான்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை,
அறுபது மைக்ரானில் கொழுந்துவிடுகிறது.
தன் தூசியையே இழுத்துப் போர்த்திக்கொண்டு
நடுவில் எதையோ தின்றுகொண்டிருக்கிற ஓர் அண்டம்.
நீறு பூத்த நெருப்பு.
எண் போட்டோம்: அறுநூற்றுப் பதினேழு.

சூட்டைப் பார்க்க வேண்டுமென்றால்
பார்க்கிற கருவி உறைந்திருக்க வேண்டும்.
பத்து மாதம் ஹீலியம் இருந்தது அதற்கு.
தீர்ந்ததும் தன் உடம்புச் சூடே
தன் கண்ணை மறைத்துவிட்டது.
‘அந்தத் தகுதி நமக்கு நிறைய இருக்கிறது’
என்றான் அர்ஷாவிர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வேலி எரிந்து முடிந்தது. பாப்லர் மரங்கள்
நாங்கள் வெட்டாவிட்டாலும் யாரோ வெட்டினார்கள்.
ஆப்ரிகாட் கொட்டை ஒரு மூட்டை, மேசை இழுப்பறைகள், பிறகு தாள்.
தள்ளியவற்றின் தாள் மட்டும் என்று
விதி வைத்தவள் வார்துயி.
கையெழுத்துப் போட்டு எண்ணிக் கொடுப்பாள்.
விண்மீன்கள் நன்றாக எரிந்தன.
பொய்ப்புள்ளிகளும்.

ஜனவரியில் ஓரிரவு, மைக்குப்பி விரிசல் விட்ட இரவு,
தள்ளியவை தீர்ந்துபோயின.
வார்துயி ஊருக்குப் போயிருந்தாள்.
மேசையில் பதினோரு தாள்கள், எல்லாவற்றிலும் கேள்விக்குறி.
அர்ஷாவிர் எதுவும் கேட்கவில்லை. கைகளை அக்குளில் வைத்தபடி
என்னையே பார்த்தான்.
நான் பென்சிலை எடுத்தேன்.
விண்மீன். விண்மீன். அழுக்கு. விண்மீன்.
கையெழுத்தும் போட்டேன், என்னுடையதை.

ஒன்பது நிமிடம் அறை இதமாக இருந்தது.

பட்டியல் வெளிவந்தது,
யாரோ ஒருவரின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே நாடு கடந்து.
மின்சாரம் திரும்பியது. அர்ஷாவிர் லியோனுக்குப் போனான்.
அவன் விட்டுப்போன கையுறையில் ஒன்று
இன்னும் இங்கேதான் கிடக்கிறது, வலதுகை.

நேற்று ஒரு கடிதம். புதிய தொலைநோக்கி, இளையவர்கள்.
இந்த இடத்தில் தெளிவான செயல்மிகு கரு ஒன்று,
பிரகாசமானது,
உங்கள் பட்டியலில் ஏன் இல்லை என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள்.
இலக்கங்களைப் படித்ததும் தெரிந்துவிட்டது,
பதினொன்றில் ஆறாவது.

பதில் மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.
தகடு தெளிவில்லை. நீள்வட்டம் அகலம். மனிதத் தவறு.
எல்லாம் உண்மைதான்.
கடைசியில் அனுப்பியது இது:

விடுபட்டதற்கு வருந்துகிறேன். சேர்த்துக்கொள்ளுங்கள்.
அது சூடானதுதான்.
நேரில் அறிவேன்.